ஆஷன்ஃபெல்டர் ஒயினுக்குத் தாவியவர் அல்ல

வானிலையை வைத்து ஒயின் விலையைக் கணித்த அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஓர்லி ஆஷன்ஃபெல்டரைப் பற்றிய கட்டுரையில், அவர் பொருளாதாரத்தை விட்டுவிட்டு ஒயின் பக்கம் போனவர் என்கிற தொனி இருக்கிறது. அது சரியில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் துறை தொழிலாளர் பொருளாதாரம். வேலைப் பயிற்சியில் சேர்வதற்குச் சற்று முன்பு சேருபவர்களின் வருமானம் சரிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் முன்னும் பின்னும் ஒப்பிட்டால் பயிற்சியின் பலன் பெருத்துத் தெரியும். இந்தச் சரிவுக்கே அவர் பெயர்தான்! 2011-இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.

ஒயினிலும் எண்களை வைத்துச் சோதிக்கும் அதே கைப்பழக்கம்தான். பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின்களின் ஏல விலையை லாகரிதமாக்கி, அதைக் கணிக்கும் சமன்பாட்டில் 1952–1980 அறுவடைகளுக்கு நாலே மாறிகள் வைத்தார்: வயது, ஏப்ரல்–செப்டம்பர் சராசரி வெப்பம், ஆகஸ்ட்–செப்டம்பர் மழை, முந்தைய குளிர்கால மழை. வெப்பத்தின் கெழு, அதாவது சமன்பாட்டில் வெப்பத்தைப் பெருக்கும் எண், சுமார் 0.616. லாகரிதம் என்பதால் இதை 61.6 சதவீதம் என்று படிக்கக் கூடாது. ஒரு டிகிரி கூடினால் விலை ஏறக்குறைய 85 சதவீதம் ஏறும். அறுவடை நேரத்து மழை 100 மி.மீ. கூடினால் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். விலை போகாத 1954, 1956 இரண்டையும் விட்டதால் மிஞ்சியது 27 தரவுப் புள்ளிகள்.

இளம் ஒயினின் விலையை வைத்து இந்தச் சமன்பாட்டைச் சோதிக்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். தொடக்க விலையில் வானிலை முழுசாக ஏறியிருக்காது, முதிர்ந்த பிறகே ஒத்துவரும். அந்தக் காலத்து வெப்ப எல்லையைத் தாண்டிய இன்றைய கோடைகளுக்கு அதே கெழுவை நீட்டுவதும் ஆபத்து.