சிலுவை தீர்த்துவிட்டதால் கடனைத் திருப்பித் தர வேண்டாமா?

பெங்களூரின் சிவாஜிநகர், அல்சூர் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இயேசு சிலுவையில் எல்லாப் பாவத்துக்கும் பரிகாரம் செய்துவிட்டார், ஆகவே விசுவாசி யாரிடமும் மன்னிப்புக் கேட்கவோ எடுத்ததைத் திருப்பித் தரவோ தேவையில்லை, ஜெபித்தால் போதும் என்கிறது அது.

முதல் பாதி சரி. கிறிஸ்துவே நம் பாவங்களுக்கான கிருபாதாரபலி, அதாவது பாவத்தைத் தீர்க்கும் பலி, என்று 1 யோவான் 2:2 சொல்கிறது. இரண்டாம் பாதி வேதாகமத்தில் இல்லை.

மத்தேயு 5:23, 24-ஐ எடுத்துப் பாருங்கள். உன்மேல் சகோதரனுக்குக் குறை இருந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. பழைய ஏற்பாட்டிலும் இப்படித்தான். ஏமாற்றி எடுத்ததை முழுவதும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து உரியவரிடம் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6. வரி வசூலிப்பவனான சகேயு, மனம் திரும்பியபோது, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான் (லூக்கா 19:8). அது இரட்சிப்புக்குக் கொடுத்த விலை அல்ல, மனம் திரும்பியதன் கனி. கத்தோலிக்கத் திருச்சபை மறைக்கல்வி ஏடும் 1459-ஆம் பத்தியில், பாவமன்னிப்புப் பெற்ற பிறகும் திருடியதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது.

சக விசுவாசி ஒருவரிடம் சீட்டுப் பணத்தை இழந்துவிட்டு, அவர் வரும் அதே ஆலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அக்காவை நினைத்துப் பாருங்கள். இந்தச் செய்தி அவரை எவ்வளவு நோகடிக்கும்!

தயவுசெய்து இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் மத்தேயு 5:23, 24-ஐப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேளுங்கள்.