வெச்சவர் யாரு, பிடுங்கறவர் யாரு?

நேத்து நம்ம வடசென்னை ஏரியா வாட்ஸப் குரூப்ல நடந்த கூத்தைப் பாத்திருப்பீங்க. கால்வாய்க்கரையை "அழகாக்க" வெடேலியா வைக்கப் போறாங்களாம், அதான் மஞ்சள் பூ பூக்கற தரைக்கொடி. பரவினா நிக்காது, வேணாம்னு ஒரே வரிதான் போட்டேன். அதுக்கு அத்தனை சிரிப்பு ஸ்மைலி. "செடியைக்கூட விட மாட்டான் போல"ன்னு ஒரு பெரியவர். வயசுக்கு மரியாதை கொடுத்து அங்கே வாயை மூடிக்கிட்டேன். இங்கே மூட மாட்டேன்.

அழகுக்குன்னு கொண்டுவந்த செடிதான் ஐயா, ஊரையே முழுங்கியிருக்கு. தாஹிட்டி தீவுல 1937ல மைக்கோனியான்னு ஒரு மரத்தைத் தோட்டத்துல வெச்சாங்க. இலை அழகாம். ஒரு மீட்டர் நீளம் வரும், அடிப்பக்கம் ஊதா. பழத்தைத் தின்ன குருவிங்க மலை முழுக்க விதையைப் போட்டுச்சு. இன்னைக்குத் தீவுல மூணுல ரெண்டு பங்கு இடத்துல அது பரவிக் கிடக்கு. நிழல்ல வேற எதுவும் முளைக்காது. வேர் ஆழமாப் போகாததால மழைக்கு மண் சரியுது. ஹவாய்க்கு 1961ல அதுவும் தோட்டத்துக்குத்தான் போச்சு. இப்போ ஹெலிகாப்டர்ல போய்த் தேடித் தேடி மருந்தடிக்கறாங்க. வெச்சவர் யாரு, செலவு பண்றவர் யாரு?

"அது தீவுப்பா, நம்ம ஊர் வேற." சரி, தீவுக்கு அடி அதிகம்தான். அங்கே இருக்கற செடிங்க தனியாவே வளந்தது, போட்டி பழக்கமில்ல. ஒத்துக்கறேன். ஆகாயத் தாமரை? அதுவும் பூவுக்காக இந்தியாவுக்கு வந்ததுதானே? எங்க சித்தப்பா எண்ணூர் முகத்துவாரத்துல வலை போடறவர். மழைவெள்ளம் வந்தா ஆகாயத் தாமரை மொத்தமும் வலையில. ஒரு ஐப்பசியில நானும் உக்காந்து பிரிச்சிருக்கேன். தண்ணி குடிச்ச கொத்து, என்னா கனம்! வலை கிழிஞ்சதுதான் மிச்சம், இறால் ஒண்ணுமில்ல. சித்தப்பா திட்டினதை இங்கே எழுத முடியாது.

வெளியிலிருந்து வந்து உள்ளூர் உயிர்களை நசுக்கறதுல உலகத்துலயே மோசமான 100 ஊடுருவிகள்னு ஒரு பட்டியல் இருக்கு. மைக்கோனியா, ஆகாயத் தாமரை, உங்க வெடேலியா மூணுமே அதுல இருக்கு. "அது நம்ம மஞ்சள் கரிசாலைதானே"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. இல்லக்கா. பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா இது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ஒரு கணு விழுந்தா வேர் விடும். கால்வாய்க்கரையில வெச்சா வெள்ளம் எங்கெல்லாம் கொண்டுபோகும்னு யோசிச்சீங்களா?

நர்சரியில விக்கறாங்களேன்னா? விக்கறதெல்லாம் நல்லதா!

"அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலை எண்ணெயும் கொட்டறவனை விட்டுட்டுக் கொடிகிட்ட வீரமா?" இதுதான் வலிக்குது. 2023 டிசம்பர்ல எண்ணூர் ஆத்துல எண்ணெய் மிதந்தப்போ இறங்கி அள்ளினது எங்க ஆளுங்க. அப்போ இதே குரூப்ல "நாத்தம் வருது, ஜன்னலை மூடுங்க"ன்னு மெசேஜ் போட்டது யாரு? வடசென்னையில எதை வேணா கொட்டலாம், மேல நாலு பூ வெச்சுட்டா போட்டோவுக்கு நல்லா இருக்கும், அப்படித்தானே?

பச்சை வேணும்னா பூவரசு இருக்கு, புங்கை இருக்கு, மணல் பக்கம் அடப்பங்கொடி இருக்கு, அதுலயும் ஊதாப் பூ பூக்கும். கன்னு நான் கொண்டு வர்றேன், காசு வேணாம். வாங்கின வெடேலியாவை நர்சரிக்காரர் திருப்பி எடுக்கலன்னா உங்க மொட்டை மாடித் தொட்டியில வெச்சுக்கோங்க. வெட்டினதைக் குப்பைன்னு கால்வாய்ல மட்டும் போட்டுடாதீங்க.