கொட்டேஜைப் பூட்டுமுன்: பிங்க் அன்ரிஃபிரீஸை மட்டும் நம்பாதீர்கள்

செப்ரெம்பர் முதல் திங்கள் வரும் லேபர் டே முடிந்ததும் ஒன்ராறியோவின் ஏரிக்கரைகள் பாதி வெறிச்சோடிவிடும். மிச்சப் பேர் ஒக்டோபர் இரண்டாம் திங்கள் வரும் தாங்ஸ்கிவிங்கோடு கொட்டேஜை, அதாவது ஏரிக்கரைக் கோடை வீட்டை, குளிர்காலத்துக்குப் பூட்டுவார்கள். கவார்த்தா, ஹாலிபர்ட்டன் பக்கம் இப்போது நம்மவர்களும் சொந்தமாக வாங்குகிறார்கள். அதனால் உரத்தே சொல்கிறேன்: பைப் உறையாமலிருக்க ஊற்றும் இளஞ்சிவப்புத் திரவமான பிங்க் அன்ரிஃபிரீஸை நாலு போத்தல் ஊற்றிவிட்டு வந்தால் வீடு தப்பாது. போத்தலில் மைனஸ் 50 என்று போட்டிருப்பது கலப்பில்லாத திரவத்துக்கு. பைப்பில் தேங்கிய தண்ணீரோடு கலந்தால் அந்தக் கணக்கு செல்லாது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். செப்புப் பைப்போ வார்ப்பிரும்புப் பம்போ அதைத் தாங்காது. முதலில் வடிக்கவேண்டும். பிங்க் கடைசி வேலை.

சுடுதண்ணீர் ஹீற்றரின் பிரேக்கரை எல்லாவற்றுக்கும் முன்னம் நிறுத்துங்கள். தாங்கி வெறுமையாக இருக்க மின்சாரம் ஓடினால் எலிமெண்ட் எரிந்துபோகும். அந்தப் பிரேக்கரின் மேல் "தாங்கி காலி" என்று ஒரு ரேப்பும் ஒட்டிவிடுங்கள். மே மாதம் வந்து திறப்பவர் வேறொருவராக இருக்கலாம். பிறகு ஏரித் தண்ணீரை இழுக்கும் பம்பை நிறுத்தி, ஹீற்றர்த் தாங்கியின் அடியிலுள்ள வால்வில் தோட்டக் குழாயை மாட்டி வெளியே விடுங்கள். மேல்மாடிச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால்தான் காற்று உள்ளே போகும், தண்ணீர் இறங்கும். மெதுவாகச் சொட்டினால் வால்வில் அடைமண் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். வடிந்து முடிந்ததென்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லாக் குழாய்களையும், சூடு, குளிர் இரண்டு பக்கமும் திறந்து, வீட்டின் ஆகத் தாழ்ந்த இடத்து வால்வால் வடியுங்கள். ஒரே கைபிடி உள்ள ஷவரில்தான் பலர் தவறவிடுகிறார்கள். கைபிடியை நடுவில் நிறுத்தாவிட்டால் ஒரு பக்கப் பைப்பில் தண்ணீர் நின்றுவிடும், வசந்தத்தில் அது சுவருக்குள் கசியும். கையில் பிடிக்கும் ஷவரின் வளைகுழாயைக் கழற்றி உதறுங்கள். பம்பின் அடியிலுள்ள சிறு மூடியையும் கழற்றவேண்டும். மேலே தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்தால் மட்டும் போதாது. ஏரிக்குள் போகும் குழாயின் முனையிலுள்ள ஃபுட் வால்வ் தண்ணீரைத் திரும்பிப் போகவிடாது. ஆகவே கரையில் இணைப்பைக் கழற்றி அந்தக் குழாயையே வெளியே இழுத்து வடிப்பதுதான் நிச்சயம். ஃபில்ரர் கூடு, தண்ணீரின் கிருமியைக் கொல்லும் யூவி விளக்கின் குழல், பிரிட்ஜின் ஐஸ் மேக்கர் பைப் இந்த மூன்றும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

காற்று ஊதும் கொம்பிரஸர் இருந்தால், மிச்சத் தண்ணீரை வெளியேற்ற, அழுத்தம் 40 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல், ஒவ்வொரு குழாயாகத் திறந்து ஊதுங்கள்.

இப்போது பிங்க். ஒவ்வொரு சிங்க், ஷவர், குளியல் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் பைப் வளைவுக்கும் அரை லீற்றர் அளவு. ரொய்லெற் தாங்கியை ஃபிளஷ் செய்தபின் அடியில் நிற்கும் தண்ணீரை ஸ்பொஞ்சால் ஒற்றியெடுத்துவிட்டு, கிண்ணத்தில் ஒன்று முதல் இரண்டு லீற்றர். டிஷ்வோஷர், வோஷிங் மெஷினுக்குள்ளும் ஊற்றி ஒரு நிமிடம் வடியவிடுங்கள். காருக்கு ஊற்றும் பச்சைத் திரவம் வேண்டவே வேண்டாம். அது எதிலீன் கிளைக்கோல், இனிப்புச் சுவையுள்ள விஷம். நாய் நக்கினால் செத்துப்போகும். நீங்கள் ஊற்றுவது கழிவுநீர்த் தொட்டியான செப்ரிக் வழியாகக் கடைசியில் சேருவது அந்த ஏரியைத்தான். பிங்க், புரோப்பிலீன் கிளைக்கோலில் செய்தது என்று போத்தலைப் பார்த்து வாங்குங்கள்.

எலிக்கு: பென்சில் நுழையும் துளை போதும். இரும்புக் கம்பளியால் அடையுங்கள்.

வெளியில் செய்வதும் பூட்டும் வேலையில் சேர்ந்ததுதான். உதிர்ந்த இலையை ஏரிக்குள் தள்ளுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழக்கம். அதிலுள்ள பொஸ்பரஸ் அடுத்த கோடையில் பாசிக்கு உரம். கரையில் வளர்ந்த புல்லையும் செடியையும் வெட்டாமல் விடுங்கள், மண்ணைப் பிடித்துவைப்பவை அவைதான். ட்ரென்ற்-செவர்ன் நீர்வழியைச் சேர்ந்த ஏரிகளில் இலையுதிர்காலத்தில் நீர்மட்டத்தை இறக்குவார்கள். படகை, அதைத் தூக்கிவைக்கும் லிஃப்ரில் விட்டுவைத்தால் சேற்றில் நிற்கும். எடுக்கும்போது அடிமூடியைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டிய களையெல்லாம் பிடுங்கிவிட்டே ரோட்டில் ஏற்றுங்கள். ஒன்ராறியோவில் 2022 ஜனவரி முதல் இது சட்டம். ஏரிகளைக் கெடுக்கும் அந்நிய இனமான சீப்ரா மட்டி ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போவது பெரும்பாலும் இப்படி வடிக்காத படகுகளோடுதான்.