பவுடர் டப்பா இருக்கவேண்டிய இடம்

எங்கள் வீட்டில் பவுடர் டப்பா கண்ணாடிக்குப் பக்கத்தில் இல்லை. ஸ்க்ரூடிரைவர், ஸ்பானர், இன்சுலேஷன் டேப்போடு டூல்ஸ் பெட்டியில் கிடக்கிறது. வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அது அங்கே இருக்கவேண்டிய சாமான் என்பதுதான் என் கட்சி.

இந்த ஞானம் எனக்கு வந்தது சைக்கிள் கடையில். ஏழாவது படிக்கும்போது பஞ்சர் ஒட்டப் போனால், கடைக்கார அண்ணன் டியூபை உருவிக் காற்றடித்து, தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பிடிப்பார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதிக் காயவைத்து ஒட்டுவார். டியூபைத் திரும்ப டயருக்குள் செருகுவதற்கு முன் ஒரு நசுங்கின பவுடர் டப்பாவை எடுத்து அதன்மேல் இரண்டு தட்டு தட்டுவார். "என்னண்ணே, டியூபுக்கு மேக்கப்பா?" என்று கேட்டேன். "போடலேன்னா வெயிலுக்கு டயரோட ஒட்டிக்கும்டா. அடுத்த தடவ உருவுறப்ப கிழியும்" என்றார்.

பவுடரில் இருக்கும் டால்க் என்பது ஒரு கல். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோ அளவுகோலில் அதற்கு 1, அதாவது கடைசி இடம். நகத்தால் கீறிவிடலாம். மக்னீசியமும் சிலிக்காவும் ஏடு ஏடாக அடுக்கின மாதிரி இருக்கும். ஏடுகளுக்கு நடுவே பிடிப்பு ரொம்பக் கம்மி, அதனால் வழுக்கும். நமக்குப் புதுசும் இல்லை. பாட்டி வத்தக்குழம்பு வைத்த கல்சட்டி மாக்கல்லில் குடைந்தது, மாக்கல்லில் முக்கியமான சரக்கே இந்த டால்க்தான். அதையே பொடித்து வாசனை சேர்த்தால் கழுத்துக்கு வந்துவிடுகிறது.

அந்த ஏட்டின் பரப்புக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் என்றால் ஒட்டிக்கொள்ளும். போன மாதம் வெள்ளைச் சட்டையில் பஜ்ஜி எண்ணெய் சொட்டிவிட்டது. கறைமேல் பவுடரைக் குவித்து ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் தட்டிவிட்டு சோப்புப் போட்டேன். போயிற்று. சாம்பாருக்கு இது பலிக்காது. எண்ணெய் போகும், மஞ்சள் நிற்கும்.

மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் மர டிராயர், ஒட்டிக்கொண்ட சீட்டுக்கட்டு, ரப்பர் கையுறை எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். கேரம் போர்டு மட்டும் விதிவிலக்கு. அதற்குக் கடையில் தருவது பெரும்பாலும் போரிக் பவுடர். அது தீர்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் டப்பாவைத் திருடிப் போட்டு, கோகுல் சாண்டல் மணக்க மணக்க ஆடியிருக்கிறோம். ஸ்ட்ரைக்கர் ஓடுமோ ஓடாதோ, போர்டு கமகமவென்று இருக்கும்.

சரி, குழந்தைக்கு? இங்கேதான் வீட்டில் சண்டை. என் மகன் பிறந்தபோது டாக்டர் வேண்டவே வேண்டாம் என்றார். பொடி அத்தனை சன்னம், மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விடும். "உன்னையும் உன் தங்கச்சியையும் டப்பா டப்பாவா போட்டுத்தான வளர்த்தேன், செத்தா போயிட்டீங்க?" என்று அம்மா ஒரு வாரம் பேசவில்லை. ஜான்சன் கம்பெனியே டால்க் கலந்த குழந்தைப் பவுடரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 2020-இல் நிறுத்தி, 2023-இல் உலகம் முழுக்க நிறுத்திச் சோளமாவுக்கு மாறியது. சில சுரங்கங்களில் டால்க்கோடு, புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தே கிடைக்கும் என்பதுதான் அந்தக் கம்பெனிமேல் போட்ட வழக்குகளில் பெரிய பேச்சு. 2024-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, டால்க்கை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. இதற்கு அப்புறமும் பச்சைக்குழந்தையை மாவில் புரட்டின பணியாரம் மாதிரி எடுத்து வைப்பது வீம்பு. நான் டூல்ஸ் பெட்டியில் தட்டும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தட்டுகிறேன்.

அம்மா சமாதானம் ஆகிவிட்டார், ஆனால் மாறவில்லை. போன முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது அவருடைய டப்பா காலி. நேரே பெட்டியைத் திறந்து, ஸ்பானரை ஒதுக்கி, என் டப்பாவை எடுத்துக் கழுத்தில் கொட்டிக்கொண்டார். ஆட்டோவில் பாதி தூரம் போனதும் முந்தானையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, கிரீஸ் வாசன வருது?"