பயப்படுற இடத்தில் நிறுத்தாதீங்க

சனிக்கிழமை சாயங்காலம் குன்னூர் ஹாலில் நான் பிள்ளைங்களுக்குப் போட்ட படத்தை ஒருத்தர் பாதியில் நிறுத்தினது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வாட்ஸ்அப் குரூப்பில் மூணு நாளா அதே பேச்சுதான். அங்கே நான் ஒரு வரி கூட எழுதல. எழுதியிருந்தா வார்த்தை தடிச்சிருக்கும். இப்போ கொஞ்சம் ஆறியிருக்கேன், அதனால இங்கே எழுதறேன்.

படம் பிடிக்கலைன்னா என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம். முடிஞ்ச பிறகு திட்டியிருக்கலாம், கேட்டுக்கிட்டிருப்பேன். ஓடிக்கிட்டிருக்கிற புரொஜெக்டரோட பிளக்கைப் பிடுங்கியிருக்கக் கூடாது. அதுவும் அந்த இடத்தில்.

வராதவங்களுக்காகச் சொல்றேன். படம் 'அல்மா'. ரோட்ரிகோ பிளாஸ் 2009-ல் எடுத்த அனிமேஷன் குறும்படம். ஆறு நிமிஷம் கூட இல்லை, வசனமே கிடையாது. பனி கொட்டுற தெருவில் ஒரு சின்னப் பொண்ணு. சுவர் பூரா பேர்கள், அவளும் சாக்பீஸால தன் பேரை எழுதறா. எதிர்க் கடைக் கண்ணாடிக்குள்ளே அச்சு அசல் அவளை மாதிரியே ஒரு பொம்மை. கதவு திறக்காது. கோபத்தில் பனியை உருட்டி எறிவா, அப்புறம் கதவு தானா திறக்கும். உள்ளே போறப்போ சின்ன சைக்கிள் ஓட்டுற ஒரு பொம்மைப் பையன் அவளைத் தாண்டி வாசலுக்குப் பாய்வான். அவன் போய்ச் சேர்றதுக்குள்ளே கதவு சாத்திக்கும். முன் வரிசையில் இருந்த ஒரு பையன், ஒன்பது வயசு இருக்கும், "அக்கா, அவன் வெளியே போகப் பாக்குறான்!"னு கத்தினான். அடுத்த நொடி ஹால் இருட்டு.

இருட்டிலே இருபது பிள்ளைங்க. வெளியே மிஸ்டு இறங்கியிருந்தது. "போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்க"ன்னு ஒரு குரல். அவ்வளவுதான்.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு பிள்ளைங்க தூங்கலையாம், ஒருத்திக்குக் காய்ச்சலாம். 'படம் போட்டவளால' என்கிறாங்க. இல்லைங்க. படத்தால பயந்தாங்க, சரி, பயப்படத்தான் அந்தப் படம். ஆனா தூங்காமப் போனது பாதியில் நிறுத்தினதால. கதவு சாத்தின இடத்திலேயே அந்தப் பிள்ளைங்களை விட்டுட்டு வந்துட்டோம்.

'முடிவு மட்டும் நல்லாவா இருக்கு, அந்தப் பொண்ணு பொம்மைக்குள்ளே மாட்டிக்கிறாளே'ன்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. ஆமா, நல்ல முடிவு இல்லை. ஆனா முடிவு. முடிஞ்சதும் லைட்டைப் போட்டு, டீயும் வர்க்கியும் கொடுத்து, யாருக்கு என்ன பயம்னு ஒவ்வொருத்தரா கேட்பேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்யறேன். எங்க பாட்டி பேய்க் கதை ஆரம்பிச்சா அடுப்பில் சோறு பொங்கினாலும் எழுந்திருக்காது, சொல்லி முடிச்சிட்டுத்தான் எழும்.

நான் கண்டதையும் போடறவ இல்லை. பால் பெரி 1991-ல் எடுத்த 'தி சாண்ட்மேன்', ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போன பொம்மை அனிமேஷன். அதை நான் நாலு தடவை பார்த்தேன். கடைசியில் பறவை மாதிரி இருக்கிற அந்தச் சாண்ட்மேன் குழந்தையோட கண்ணைப் பிடுங்கிட்டுப் போய்த் தன் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். பிள்ளைங்களுக்கு வேண்டாம்னு எடுத்து வெச்சுட்டேன். இதெல்லாம் யாரும் கேட்கல.

குன்னூர்ப் பிள்ளைங்களுக்குப் பயம்னா என்னன்னு நான் சொல்லிக் கொடுக்கணுமா? ஏழு மணிக்கு மேல கரடி வரும்னு டார்ச் இல்லாமக் கடைக்கு அனுப்ப மாட்டோம். டியூஷன் விட்டு வர்ற வழியில் காட்டுமாடு நின்னா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற பிள்ளைங்க இவங்க.

உண்மையில் பிளக்கைப் பிடுங்கினவருக்குக் கோபம் பேய்ப் படத்தில் வரலை. அதுக்கு முன்னாடி போட்ட 'நெவர் ஹேவ் ஐ எவர்', அமெரிக்காவில் இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பத்தின நெட்ஃபிளிக்ஸ் தொடர், அதோட முதல் பகுதியிலேயே வந்துடுச்சு. தேவிங்கிற பதினஞ்சு வயசுத் தமிழ்ப் பொண்ணு சாமி முன்னாடி உட்கார்ந்து பார்ட்டிக்கு யாராவது கூப்பிடணும், பாய் ஃப்ரெண்ட் வேணும், கையில முடி குறையணும்னு வேண்டிக்குவா. அந்தக் கை முடிக்கு நம்ம பொண்ணுங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! ஒருத்தி ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கிட்டே சிரிச்சா. அந்தச் சிரிப்பைத்தான் அவரால தாங்க முடியல.

அதில் காதல் பேச்சு, உடம்புப் பேச்சு அதிகம்தான், ஒத்துக்கறேன். அதனாலதான் எட்டாவதுக்குக் கீழே உள்ளவங்களை வெளியே விளையாட விட்டுட்டுப் போட்டேன், குறும்படத்துக்குத்தான் உள்ளே கூப்பிட்டேன். தமிழ்க் குடும்பம்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ளே தமிழ் கேட்கிறதே அபூர்வம், அதுவும் குறைதான். ஆனா 'அம்மாவை எதிர்த்துப் பேசக் கத்துக் கொடுக்கிற நாடகம்'னு குரூப்பில் எழுதினவங்க பத்து பகுதி இருக்கிற முதல் சீசனையாவது முழுசாப் பார்த்தீங்களா? அந்தப் பொண்ணோட அப்பா அவ கச்சேரியில் அவ கண்ணு முன்னாடி விழுந்து செத்துப் போறார். மூணு மாசம் அவளுக்குக் கால் நடக்காது. அவ பண்ற கோமாளித்தனம் எல்லாம் அந்தச் சாவைப் பத்தி யோசிக்காம இருக்கத்தான். முதல் சீசன் முடிவில் கடற்கரையில் அம்மாவோட நின்னு அஸ்தியைக் கரைக்கிறா. அங்கே வர்றதுக்குத்தான் அத்தனை சிரிப்பும்.

அதில் நடிச்ச மைத்ரேயி ராமகிருஷ்ணனோட அப்பா அம்மா இலங்கையில் இருந்து கனடாவுக்கு அகதியா போனவங்க. பதினஞ்சாயிரம் பேர் விண்ணப்பிச்சதில் எடுத்த பொண்ணு. 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்தில் கண்டிப் பக்கமிருந்து கப்பலேறி வந்த வீட்டுப் பிள்ளை நான். எங்க கதை வேற, அவங்க கதை வேற. ஆனா அந்த முகத்தை டிவியில் பார்த்தப்போ எனக்கு எங்க எஸ்டேட் லயத்துப் பொண்ணுங்களைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

'சின்னப் பசங்க, பயந்துடுவாங்க.' சனிக்கிழமை இருட்டில் அவர் சொன்ன கடைசி வார்த்தை இதுதான். இந்த வார்த்தையை எனக்கு முன்னாடியே தெரியும்.

1993 நவம்பர். மரப்பாலத்தில் மலை சரிஞ்சு மேட்டுப்பாளையம் ரோடு போச்சே, அந்த மழை. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்க அப்பாவை நெஞ்சு வலின்னு கோயம்புத்தூருக்குக் கொண்டு போனாங்க. எனக்குப் பதினாலு வயசு. நானும் வரேன்னு ஜீப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சித்தப்பா என் கையை எடுத்து விட்டார், 'சின்னப் பொண்ணு, பயந்துடுவா'ன்னு. அப்பாவை அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க, மழையில் மேலே கொண்டு வர முடியலைன்னு சொன்னாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சாங்க.

அப்பா தேயிலை பேக்டரியில் போட்டுக்கிட்டிருந்த பழுப்பு ஸ்வெட்டர் ஜீப் சீட்டில் சுருண்டு கிடந்தது. கதவைச் சாத்தினப்போ அதோட ஒரு கை வெளியே மாட்டிக்கிச்சு. சித்தப்பா திரும்பக் கதவைத் திறந்து உள்ளே தள்ளிச் சாத்தினார். நான் பார்த்தது அது வரைக்கும்தான்.