ஹேர்மிஸில் இறந்தவர்கள் எல்லோரும் நிலாவெளி வீதியில் இல்லை

அண்ணை, ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலில் இறந்த 307 பேரும் நம் திருகோணமலை நிலாவெளி வீதி யுத்தக் கல்லறையில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 1942 ஏப்ரல் 9 காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எச்சரிக்கை கிடைத்ததால் ஹேர்மிஸ் முதல் நாள் இரவே இங்கிருந்து வெளியேறிவிட்டது, அதுவும் ஒரு விமானம்கூட இல்லாமல். அதே 9ஆம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் யப்பானியர்கள் அதை மூழ்கடித்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கடல்தான் கல்லறை. அவர்களில் பலரின் பெயர்கள் இங்கிலாந்தில் பிளைமவுத் கடற்படை நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. உயிர் தப்பிய சுமார் 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் மீட்டுக் கொழும்புக்குத்தான் கொண்டுபோனது.

நிலாவெளி வீதியில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த ஒரே நாளில் இறந்தவர்களும் அல்ல. ஒவ்வொரு கல்லிலும் பெயர், பதவி, படைப்பிரிவு அல்லது கப்பல், இறந்த தேதி இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து அவற்றை வாசித்துச் சொல்லுங்கள். அப்புறம், அன்றைய குண்டுவீச்சில் துறைமுகப் பக்கம் இறந்த நம்மூர்ப் பொதுமக்களையும் உங்கள் பதிவில் சேர்த்துவிடுங்கள். அவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.