செடி பகலிலும் சுவாசிக்கிறது
தாவரங்களைப் பற்றிய உங்கள் கட்டுரை நல்ல கட்டுரை. ஆனால் ‘தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்’ என்ற வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். பிள்ளைகள் தேர்விலும் அப்படியே எழுதிவிடுவார்கள். வேர், தண்டு, இலை எல்லாமே 24 மணி நேரமும் சுவாசிக்கின்றன. பகலில் இலையில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடை ஒளிச்சேர்க்கை இலைக்குள்ளேயே எடுத்துக்கொள்வதால் அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

வகுப்பில் காட்டுவதும் சுலபம். முளைகட்டிய பச்சைப் பயறை ஈரத்தோடு தெர்மாஸ் பிளாஸ்கில் போட்டு, வெப்பமானியைச் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்து வையுங்கள். மறுநாள் பார்த்தால் வெப்பநிலை ஏறியிருக்கும். சுவாசத்தில் வெளியாகும் வெப்பம்தான் அது. பட்டாணியிலும் செய்யலாம்.

அப்புறம், தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகுவது ஏன் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லுங்கள். மண்ணின் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் நீர் நிறைந்தால் வேர் சுவாசிக்கப் போதிய ஆக்சிஜன் கிடைக்காது.